பேப்பர் சொல்லாத சங்கதிகள்

1973-ஆம் ஆண்டு ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர், டால்மேஷன் நாய் ஒன்றைப் பாயின்டர் இனத்து நாயோடு இணை சேர்த்தார். நாய்க் கண்காட்சி உலகத்தில் அது சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சமம். அவர் சொன்ன காரணம் எளிமையானது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி தெளித்த டால்மேஷன் பார்க்க அழகு. ஆனால் அந்த இனம் முழுவதற்கும் அன்று சிறுநீரில் ஒரு கோளாறு இருந்தது. பெரும்பாலான மற்ற நாய்களின் உடம்பு யூரிக் அமிலத்தை, நீரில் எளிதாகக் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். டால்மேஷனிலோ அந்த அமிலம் கல்லீரல் செல்லுக்குள் நுழைய வேண்டிய வாசலே பழுது. மாறாத அமிலம் சிறுநீரில் இறங்கி, சில நாய்களில் கல்லாகிறது. ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். கல் அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவம் பார்த்தாக வேண்டும், தாமதித்தால் சாவுதான்.

எல்லா டால்மேஷனுக்கும் கல் வருவதில்லை. ஆனால் அன்று நாய் இனப் பதிவேட்டில் இருந்த எல்லா டால்மேஷனும் அந்தப் பழுதான மரபணுவின் இரண்டு பிரதிகளைச் சுமந்துகொண்டிருந்தது. இனத்துக்குள்ளேயே எவ்வளவு கவனமாக ஜோடி பார்த்தாலும் நல்ல மரபணு கிடைக்க வழியில்லை. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஷைபிள் ஒரே ஒரு முறை பாயின்டரைக் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டிகளை டால்மேஷன்களோடே சேர்த்தார். ஐந்தாம் தலைமுறைக்கு வந்தபோது அந்த நாய்களை டால்மேஷனிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். சிறுநீர் மட்டும் மற்ற நாய்களுடையதைப் போல ஆரோக்கியமாக இருந்தது.

1981-இல் அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றில் இரண்டைப் பதிவு செய்தது. டால்மேஷன் சங்கத்தினர் கொதித்து எழுந்தார்கள். அடுத்து வந்த குட்டிகளுக்குப் பதிவேடு மூடப்பட்டது. 2008-இல் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதான மரபணு எதுவென்றே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பிரிட்டன் 2010-இல் அந்த வம்சத்து நாயை ஏற்றது. அமெரிக்கா 2011-இல் கதவைத் திறந்தது. தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் முப்பது ஆண்டுகள் வாசலிலேயே நின்றது. எதிர்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். டால்மேஷன் என்றால் உயிரையே கொடுக்கக் கூடியவர்கள். நாயை நேசிப்பதும் இனத்தை நேசிப்பதும் சில சமயம் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாதி நாய் என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் விக்டோரியா காலத்துச் சரக்கு. லண்டனில் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியது. அதற்கு முன்பும் இனங்கள் இருந்தன. ஆனால் ஆடு மேய்ப்பவருக்கு ஆட்டை மடக்கத் தெரிந்த நாய் தேவை, வேட்டைக்காரருக்கு ஓடத் தெரிந்த நாய் தேவை. தாத்தா பாட்டியின் பெயரை யாரும் கேட்கவில்லை. கண்காட்சி வந்த பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் இலக்கணம் எழுதப்பட்டது. காது இப்படி மடங்க வேண்டும், வால் இப்படி நிற்க வேண்டும், நிறம் இதைத் தாண்டக் கூடாது. பிறகு பதிவேடும் மூடப்பட்டது. ஏற்கனவே உள்ளே இருக்கும் நாய்களின் வாரிசு மட்டுமே இனி உள்ளே வர முடியும்.

நம்மூரில் நாய் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘பேப்பர் இருக்கா?’ கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்றிதழைத்தான் ‘கேசிஐ பேப்பர்’ என்கிறார்கள். அந்தச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, இல்லாத குட்டிக்கு வேறு விலை. அந்தத் தாளில் தாய், தகப்பன், அவற்றுக்கு முந்தைய தலைமுறைகள், யார் யார் சாம்பியன் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். தாயின் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, தகப்பனின் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா, பாட்டி எந்த நோயில் செத்தாள் என்பதெல்லாம் இருக்காது. வம்சத்துக்கு அது சாட்சி. ஆரோக்கியத்துக்கு அல்ல. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

மூடிய பதிவேட்டுக்குள் என்ன நடக்கும் என்று கணக்கெடுத்தவர்கள் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் பிரிட்டனின் பத்து இனங்களின் வம்சாவளிப் பதிவுகளை அலசினார்கள். ஏறத்தாழ 20,000 பாக்ஸர் நாய்கள் இருந்தாலும் மரபணுப் பன்மையைப் பொறுத்தவரை அவை வெறும் 70 நாய்களுக்குச் சமம் என்று கண்டார்கள். காரணம் ஊரறிந்ததுதான். கண்காட்சியில் கோப்பை வாங்கிய ஆண் நாய் ஒன்றைத் தேடி நாடு முழுவதிலுமிருந்து பெட்டைகள் வரும். சில ஆண்டுகளில் அந்த இனத்தில் எந்தக் குட்டியைத் தொட்டாலும் அதே தாத்தா. அந்தத் தாத்தாவிடம் வெளியே தெரியாத ஒரு பழுதான மரபணு இருந்திருந்தால், பேரன்களும் பேத்திகளும் ஜோடி சேரும்போது அது இரட்டிப்பாகி நோயாக வெளிப்படும். 2021-இல், டால்மேஷன் மரபணுவைக் கண்டறிந்த டனிகா பன்னாஷின் குழு 227 இனங்களைப் பார்த்தது. சராசரி உள்ளினக்கலப்பு 25% அளவில் இருந்தது. கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் குட்டி போட்டால் வரும் அளவு அது. இந்த நாய்கள் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

மூடிய பதிவேட்டின் விளைவு பல்கலைக்கழகச் சுவருக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கும். 2008 ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய ‘பெடிகிரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்டு’ என்ற ஆவணப்படம் அதைப் பிரிட்டனின் வரவேற்பறைகளுக்குக் கொண்டுவந்தது. மூளைக்குப் போதிய இடமில்லாத மண்டையோடு பிறக்கும் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்கள் வலியில் துடிப்பதை மக்கள் பார்த்தார்கள். தாயோடு மகனை, அண்ணனோடு தங்கையைச் சேர்ப்பது விதிகளின்படி தவறில்லை என்பதும் தெரியவந்தது. பிபிசி பல பத்தாண்டுகளாக ஒளிபரப்பிவந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை 2009-இல் கைவிட்டது. அதே ஆண்டு, அவ்வளவு நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை கென்னல் கிளப் நிறுத்தியது. 2012 க்ரஃப்ட்ஸில் ஆபத்து அதிகமுள்ள 15 இனங்களின் வெற்றியாளர்களை மட்டும் வெளியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர்கள் சோதித்தார்கள். ஆறு நாய்கள் தேறவில்லை. புல்டாக், பெக்கிங்கீஸ், பாசெட் ஹவுண்ட் மூன்றும் அவற்றில் அடக்கம். நடுவர் ‘இனத்திலேயே சிறந்தது’ என்று கைகாட்டிய நாயைச் சில நிமிடங்களில் மருத்துவர் ‘உடல்நலம் போதாது’ என்று திருப்பி அனுப்பினார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு வம்பு என்று தள்ளிவிட முடியாது. டால்மேஷனின் இன்னொரு குறை நேராக இராஜபாளையத்துக்கு வந்து நிற்கிறது.

பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். இராஜபாளையம் நாய்க்கு இதுதான் அடையாளம். இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் இடம்பிடித்த நான்கு இனங்களில் இதுவும் ஒன்று. இந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை வெளியே சொல்கிறவர்கள் கொஞ்சம்.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற நிறமிச் செல்கள் கருவில் முதுகுத்தண்டையொட்டி உருவாகி உடம்பெங்கும் பரவுகின்றன. சில செல்கள் உட்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே அவற்றுக்கு நிறத்தோடு வேலை இல்லை. ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பாற்றும் திசு அவற்றை நம்பித்தான் இயங்குகிறது. தூய வெள்ளையைத் தேடித்தேடித் தேர்ந்தெடுக்கும்போது நிறமிச் செல்கள் பயணிக்கும் தூரம் குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் காதுக்குள்ளும் அவை போவதில்லை. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தத் திசு சுருங்கி, மயிர்ச் செல்கள் அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு எந்த மருந்தும் இல்லை.

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் அமெரிக்க டால்மேஷன்களில் பல்லாண்டு திரட்டிய சோதனைகளில், ஏறக்குறைய 8% நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. 22% நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. பிறக்கும்போதே உடம்பில் பெரிய கருந்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளில் செவிடு குறைவு. நிறமி தாராளமாகப் பரவியதன் அறிகுறி அந்தத் திட்டு. ஆனால் டால்மேஷன் இலக்கணப்படி திட்டு உள்ள நாய் கண்காட்சிக்குத் தகுதியில்லாதது. காது கேட்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டுகிற அடையாளத்தையே குறை என்று எழுதிவைத்துவிட்டு, செவிட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். இராஜபாளையத்திலும் மேனியில் நிறம் கலந்து பிறக்கும் குட்டிக்கு மதிப்பில்லை. அப்பழுக்கில்லாத வெள்ளைக்கே விலை. வாங்குகிறவர்கள் கேட்பதைத்தான் வளர்ப்பவர்கள் உருவாக்குகிறார்கள்.

குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, தட்டைத் தட்டுவதும் விசில் அடிப்பதும் வழக்கம். அது ஏமாற்றும். ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்போது சத்தம் கேட்டு நான்கு விழித்தால், அவை அசையும் அசைவில் ஐந்தாவதும் விழித்துக்கொள்ளும். செவிட்டுக் குட்டி கண்ணாலும் தோலாலும் அவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கும். தனியே பிரித்து, அசந்து தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாமல் பின்னாலிருந்து ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு காதும் போன குட்டியைத்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு காது மட்டும் கேட்காத நாய் வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரியாமல் வாழும்; நல்ல நாய் என்று குட்டி போடவும் பயன்படும். இத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் குட்டிகளில்தான் செவிடு கூடுகிறது. ஒரு காதுச் செவிட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒலி கேட்டதும் மூளைத்தண்டில் எழும் மின்னலைகளை அளக்கும் சோதனை. பச்சைக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் ‘பெரா டெஸ்ட்’ எடுக்கிறார்களே, அதேதான். குட்டிக்கு ஐந்து வாரம் ஆன பிறகு எடுக்கலாம்.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாய் இனங்களுக்கு வேறு விதமான நெருக்கடி. தென் மாவட்டங்களில் இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. நன்றாக ஓடாத நாயிடம் யாரும் குட்டி எடுக்கமாட்டார்கள். வேலையே வடிகட்டியாக இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது சரியான காரியம். ஆனால் அதோடு வேலையின் அடிப்படையிலான தேர்வும் நின்றுபோனது. இப்போது தேர்வு செய்வது கண். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனங்கள் மீது பாசம் பெருகியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். பாசம் நல்லது, அது ஒரே இரவில் தேவையாக மாறும்போது குட்டி போட வைக்கும் வேகமும் கூடும். ‘நாட்டு நாய்க்கு நோயே வராது’ என்று மார்தட்டுகிறவர்கள், குறுகிய வட்டத்துக்குள் ஜோடி சேர்த்தால் பாக்ஸருக்கு நேர்ந்தது சிப்பிப்பாறைக்கும் நேரும் என்பதை ஒத்துக்கொள்வதில்லை. மரபணுவுக்கு ஊர்ப் பற்று கிடையாது.

அரசே இறங்கி நடத்தினால் சரியாகிவிடும் என்பதும் பொய்த்திருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நாட்டு இனங்களுக்காகவே ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி வழக்கு வந்து, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. சட்ட ஆணையம் 2015-இல் தன் 261-ஆவது அறிக்கையில், செல்லப்பிராணிக் கடைகளுக்கும் நாய் இனப்பெருக்கத்துக்கும் விதிகள் வேண்டும் என்றது. 2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளை அறிவித்தது. படித்துப் பார்த்தால் நல்ல விதிகள்தான். குட்டி போட வைத்து விற்கும் எவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி கூடாது. வாழ்நாளில் ஐந்து முறை, அதற்கு மேல் இல்லை. எட்டு வயதைத் தாண்டினால் ஓய்வு. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது. விற்கும் முன் மைக்ரோசிப் பொருத்த வேண்டும்.

வீட்டு மாடியில், கார் ஷெட்டில், தகரக் கொட்டகையில் நாலு கூண்டு வைத்து நடத்தும் தொழிலில் இவற்றில் எதை யார் சரிபார்ப்பார்கள்? பெட்டை ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகிறது. இரண்டு முறையும் சேர்த்தால் வரும்படி இரட்டிப்பு. ஆண் நாயின் உரிமையாளர் கூலியாகப் பணமோ, ஈற்றில் ஒரு நல்ல குட்டியோ கேட்பார். அவருக்கும் எத்தனை பெட்டை வந்தாலும் லாபம். ஆறேழு வயதில் கருப்பை ஓய்ந்த பெட்டைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. விலங்கு நலக் காப்பகங்களில் பால்மடி தொங்க, தோல் வற்றி, ‘சாதி நாய்தான், யாரோ தெருவில் விட்டுட்டாங்க’ என்ற அறிமுகத்தோடு கிடப்பவை பல இப்படிப்பட்டவை. குட்டியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இந்தத் தாயைப் பார்ப்பதே இல்லை.

இங்கிலாந்து இந்த இடத்தில்தான் கைவைத்தது. வேல்ஸ் பகுதிக் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட பெட்டை கவலியர் ஒன்றுக்கு லூசி என்று பெயர். கூண்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்து அதன் இடுப்பு இறுகிப்போயிருந்தது. 2016-இல் அது இறந்தது. அதன் பெயரால் கால்நடை மருத்துவர் மார்க் ஆபிரகாமும் மற்றவர்களும் நடத்திய இயக்கம் 2020 ஏப்ரல் 6-இல் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இடைத்தரகரோ கடையோ இங்கிலாந்தில் விற்க முடியாது. வளர்த்தவரிடமே போக வேண்டும். பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்க்க வேண்டும். வேறொரு பெட்டையைத் தாய் என்று காட்டும் மோசடி அங்கேயும் நடக்கிறது. இருந்தாலும் சட்டம் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தது: தாய் எங்கே?

நம்மூரில் அந்தக் கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்டாக வேண்டும். பெரும்பாலான வியாபாரம் கைப்பேசியில் முடிந்துவிடுகிறது. போட்டோ வரும், முன்பணம் போகும், குட்டி கூடையில் ஆம்னி பஸ் ஏறி வரும். வருவது பல நேரம் முப்பது, முப்பத்தைந்து நாள் பால்குட்டி. குட்டி சின்னதாக இருந்தால்தான் மக்களுக்குப் பிடிக்கிறது என்பார் விற்பவர். நாள் ஏற ஏறத் தீவனச் செலவு ஏறும் என்பதை அவர் சொல்வதில்லை. தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கி, தடுப்பூசி இன்னும் வேலை செய்யாத இடைவெளி அது. பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் நோய் தெரிய மூன்று நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே விற்பவரிடம் துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த நான்காம் நாள் ரத்தமாகக் கழிந்து சுருண்டு விழும். ‘எங்கிட்ட இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு’ என்று விற்றவர் சொல்வது பொய்யாகக்கூட இருக்காது. ஒரு தடுப்பூசி போட்டாயிற்று என்பதும் காப்பாகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

உடம்போடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல்லாண்டு நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் குணம் உருவாகும் காலம் என்றது. அதன் முதல் பாதியைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கழிக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது. முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்துவிட்டு, ஆறு மாதத்தில் ‘பிள்ளைகளைக் கடிக்குது’ என்று கொண்டுபோய் விடுபவர்கள் ஏராளம்.

எந்த இனம் என்பதிலும் நம் ஆசைக்கு அளவில்லை. 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. அதன் பிறகு தெருவுக்குத் தெரு பக். சப்பை மூக்குக்குள் அடைபட்ட மூச்சுக்குழாயோடு, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டிய ஓர் உயிரை, மே மாத வெயிலில் மாடி வீட்டில் வளர்ப்பது என்ன நியாயம்? அது குறட்டை விடுவதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அது மூச்சுக்குத் தவிக்கும் சத்தம். நெதர்லாந்தில் 2019 முதல், மூக்குப் பகுதியின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023-இல் இன்னும் ஒருபடி மேலே போய், கவலியரை அதன் இனத்துக்குள்ளேயே சேர்த்துக் குட்டி போட வைப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. வெளி இனக் கலப்பு மூலம் சீர்செய்யத் தடை இல்லை. ஷைபிள் அரை நூற்றாண்டுக்கு முன் செய்ததற்கு ஒரு நாட்டின் நீதிமன்றம் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசும் 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், ஃபிரெஞ்ச் புல்டாக் உட்படப் பதினொரு இனங்கள் இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை, அவற்றைப் பெருக்கக் கூடாது என்றது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. பனிப்பிரதேச நாயைச் சென்னையில் பெருக்காதே என்பதில் வாதிட அதிகம் இல்லை. ஆனால் அயல் இனங்களைத் தடுப்பது மட்டும் போதாது. ஹஸ்கியைத் தடுத்துவிட்டு, செவிட்டு இராஜபாளையம் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தால், அந்தக் குட்டிக்கு என்ன ஆறுதல்?

நல்ல வளர்ப்பாளர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்களை அடையாளம் காண்பதும் கடினமில்லை. தாயைக் காட்டத் தயங்கமாட்டார்கள். ‘இந்த வருஷம் குட்டி இல்லை, அடுத்த வருஷம் வாங்க’ என்பார்கள். வாங்க வந்தவரையே குறுக்கு விசாரணை செய்வார்கள்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், இடம் எவ்வளவு, முன்பு வைத்திருந்த நாய் என்ன ஆனது? வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த வயதிலும் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று எழுதி வாங்குவார்கள். போன ஈற்றில் ஒரு குட்டிக்குக் காது கேட்கவில்லை என்பதை, கேட்காமலேயே சொல்வார்கள். பின்லாந்தில் கென்னல் கிளப்பே இந்த வெளிப்படைத் தன்மையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பல இனங்களில் பெற்றோரின் இடுப்பு, கண் போன்ற சோதனை முடிவுகள் இல்லாமல் குட்டிக்குப் பதிவே கிடையாது. முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இங்கேயும் அது முடியாத காரியமில்லை. இராஜபாளையம் இனத்தில் பெற்றோர் இருவருக்கும் காதுப் பரிசோதனை முடிவு இருந்தால்தான் குட்டிக்குப் பேப்பர் என்று கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ஒரு விதி போடலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் அந்தச் சோதனையைக் குறைந்த கட்டணத்தில் செய்து தரலாம். மேனியில் நிறம் கலந்த குட்டியையும் இராஜபாளையம் என்று ஏற்கலாம். எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் விருதுநகர், தூத்துக்குடி, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் வளரும் நல்ல நாய்களுக்குப் பதிவேட்டின் கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். டால்மேஷன்காரர்கள் அந்தக் கதவைத் திறக்க முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்; நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதுவரை, குட்டி வாங்கப் போகும் வாசகர்கள் பேப்பரைக் கேட்கும் முன் தாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.